மலையகப் பாடசாலைகளில் ஆண்டிறுதி: விழாத் திகதி யாருடைய வசதிக்குக் குறிக்கப்படுகிறது?

ஒரே கிழமையில் பிள்ளையின் புத்தகப் பையிலிருந்து மூன்று கடிதங்கள் வருகின்றன. ஒன்று ஒளி விழாவுக்கு, இன்னொன்று பரிசளிப்புக்கு, மற்றது பெற்றோர் கூட்டத்துக்கு. மூன்றிலும் திகதி வேறு, மூன்றும் வேலை நாள், இரண்டில் காசும் கேட்டிருக்கிறார்கள். அதே நேரம் பதினோராம் வகுப்புப் பிள்ளை வீட்டிலேயே இருக்கிறான், வருடம் முடிந்ததா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை. கடந்த சில ஆண்டுகளாக இலங்கை மலையகத்தின் ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கத்துப் பெற்றோர் மாறி மாறிக் கேட்கும் கேள்விகள் இதிலிருந்துதான் வருகின்றன: பாடசாலை ஆண்டு எப்போது முடிகிறது, ஏன் எல்லாம் ஒன்றாக வந்து விழுகிறது, இத்தனைக்கும் ஏன் மண்டபத்தில் பாதிக் கதிரை காலியாக இருக்கிறது? அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

இலங்கையில் பாடசாலை ஆண்டு மூன்று தவணைகள் கொண்டது. மூன்றாம் தவணையின் கடைசியில் தவணைப் பரீட்சை, தேர்ச்சி அறிக்கை, பெற்றோர் கூட்டம், பரிசளிப்பு விழா, நத்தாரையொட்டிய ஒளி விழா எல்லாம் வரும். வாணி விழா நவராத்திரியோடு முடிந்துவிடும். இல்ல விளையாட்டுப் போட்டி பெரும்பாலும் முதலாம் தவணையில். ஆகவே ஆண்டிறுதி என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு சில கிழமைகளைத்தான்.

பாடசாலை வகையும் முக்கியம். 1ஏபி பாடசாலையில் உயர்தரத்தில் (12, 13ஆம் வகுப்புகள்) விஞ்ஞானம் உட்பட எல்லாப் பிரிவும் உண்டு. 1சி பாடசாலையில் உயர்தரம் உண்டு, ஆனால் கலை, வர்த்தகம் மட்டும். வகை 2 பாடசாலை பதினோராம் வகுப்போடு நின்றுவிடும். வகை 3 ஆரம்ப வகுப்புகளுக்கு உரியது. தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் பின்னைய இரண்டும்தான். வகை 2 பாடசாலையில் பதினோராம் வகுப்புப் பிரியாவிடை என்றால் அந்தப் பிள்ளை அந்தப் பாடசாலையை விட்டே போகிறது என்று அர்த்தம், பல பேருக்குப் படிப்பையே விட்டுப் போகிற நாளும் அதுதான். நகரத்துப் பெரிய கல்லூரியில் அதே விழாவுக்கு இந்தக் கனம் கிடையாது, பாதிப் பேர் அடுத்த வருடம் அதே வாசலால் உயர்தரத்துக்கு வருவார்கள்.

விழாவை நடத்துவது பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் அதன் குழுவும். சங்கத்தில் எல்லாப் பெற்றோரும் ஆசிரியர்களும் உறுப்பினர்கள், தலைவர் அதிபர். பழைய மாணவர் சங்கம் தனி, ஆனால் பணத்துக்கு எல்லோரும் கடைசியில் பார்ப்பது அவர்களைத்தான்.

நாட்காட்டி எங்கே குழம்பியது?

1. 2019 வரை ஒழுங்கு எளிமையாக இருந்தது. உயர்தரப் பரீட்சை ஆகஸ்டில், பதினோராம் வகுப்பின் முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை டிசம்பரில். பாடசாலைகளே பரீட்சை நிலையங்கள் என்பதால் டிசம்பர் முதல் வாரத்தோடு மூடிவிடுவார்கள், ஜனவரியில் புது வருடம். பரிசளிப்பும் பிரியாவிடையும் நவம்பரில் முடிந்துவிடும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் எல்லோருக்கும் திகதி முன்கூட்டியே தெரியும்.

2. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. அந்த ஆண்டுக்குரிய சாதாரண தரம் 2021 மார்ச்சுக்குப் போனது. 2021க்கு உரியது 2022 மே மாதத்தில் நடந்தது. 2022இன் எரிபொருள் நெருக்கடி இன்னும் இழுத்தது. 2022, 2023க்கு உரிய பரீட்சைகளும் அடுத்தடுத்த ஆண்டுகளின் மே மாதத்திலேயே நடந்தன.

3. கல்வியாண்டும் கூடவே நகர்ந்தது. 2023ஆம் கல்வியாண்டு 2024 பெப்ரவரியில்தான் முடிந்தது. 2024ஆம் கல்வியாண்டு 2025 ஜனவரி கடைசி வரை ஓடியது. அதன் பின் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு இழுத்து வந்தார்கள்: 2024க்குரிய சாதாரண தரம் 2025 மார்ச்சில், 2025க்குரியது 2026 பெப்ரவரியில்.

4. 2025இலும் உயர்தரப் பரீட்சை ஆகஸ்டுக்குத் திரும்பவில்லை, நவம்பரில்தான் வைத்தார்கள். இந்தக் குழப்பம் முழுவதற்கும் நடுவில் இருக்கும் காரணம் இதுதான், ஆனால் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. நவம்பரில் உயர்தரம் என்றால் மூன்றாம் தவணை நடுவில் வெட்டுப்படுகிறது. பரீட்சைக்காகப் பாடசாலை ஏறக்குறைய ஒரு மாதம் மூடும், திரும்பத் திறந்ததும் மிச்சமிருப்பது இரண்டு கிழமை. தேர்ச்சி அறிக்கை, பாடநூல் விநியோகம், சீருடைத் துணி, பரிசளிப்பு, ஒளி விழா அத்தனையும் அந்த இரண்டு கிழமைக்குள் திணிக்கப்படுகிறது. மூன்று கடிதங்கள் ஒரே கிழமையில் வந்ததற்குக் காரணம் அதிபரின் அக்கறைக் குறைவு என்று சொல்லிவிட முடியாது.

5. அந்த இரண்டு கிழமையும் 2025இல் கிடைக்கவில்லை. நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலைச்சரிவுகள் இறங்கின, பாதைகள் அறுந்தன, உயர்தரப் பரீட்சையே பாதியில் நின்று மீதிப் பாடங்கள் 2026 ஜனவரிக்குத் தள்ளப்பட்டன. பாடசாலைகள் டிசம்பர் 16இல் திறந்தபோதும் மலையகத்தில் பல பாடசாலைகளுக்கு அது முடியவில்லை. பரிசளிப்புக்காகக் கழுவி வைத்த மண்டபங்களில் லய வீட்டை இழந்த தோட்டக் குடும்பங்கள் பாய் விரித்துப் படுத்திருந்தன.

பிரியாவிடைக்கும் பரீட்சைக்கும் நடுவில் ஒரு பள்ளம்

பழைய ஒழுங்கில் நவம்பர் கடைசியில் பிரியாவிடை, பத்து நாளில் பரீட்சை. பிள்ளையின் மனது அப்போதும் பாடத்தில்தான் இருக்கும். 2025ஆம் கல்வியாண்டோ டிசம்பரில் முடிந்தது, பரீட்சை 2026 பெப்ரவரியில் வந்தது. இப்படி வரும் ஆண்டில் பழக்க தோசத்தில் பிரியாவிடையை ஆண்டு முடியும் கிழமையில் வைத்தால் நடுவில் இரண்டு மாதம் காலியாக நிற்கிறது.

நகரத்துப் பிள்ளைக்கு அந்த இரண்டு மாதம் டியூசன் காலம். தோட்டத்துப் பிள்ளைக்கு அது என்னவாகிறது என்று பார்க்க வேண்டும். டிசம்பர் என்பது கொழும்பில் கடைகளுக்கு ஆள் தேவைப்படும் மாதம். புறக்கோட்டையில் துணிக்கடையில் நிற்கும் அண்ணனோ மாமாவோ போன் எடுத்து, சும்மாதானே இருக்கிறாய், ஒரு மாதம் வந்து நில், பரீட்சைக்கு வந்துவிடலாம் என்பார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, அவருடைய பாதையும் அதுவாகத்தான் இருந்திருக்கும். கையில் முதல் சம்பளம் வந்த பிறகு, அம்மாவுக்கு நானூறு ஐந்நூறு ரூபாய்க்கு ரீலோட் போட்டுக் கொடுத்துப் பழகிய பிறகு, பெப்ரவரியில் திரும்பி வந்து கணித வினாத்தாளின் முன் உட்காருவது எல்லோராலும் முடிகிற காரியம் கிடையாது.

பிரியாவிடை என்பது வெறும் கேக்கும் ஓட்டோகிராப்பும் மட்டுமாக இருந்தால் திகதி எதுவானாலும் பரவாயில்லை. ஆனால் அந்த நாளில் பிள்ளைக்கு ஒரு செய்தி போய்ச் சேர்கிறது: உன் பாடசாலைக் காலம் முடிந்தது. கண்ணீரோடு எல்லோரிடமும் விடைபெற்ற பிள்ளை மறுநாள் மீட்டல் வகுப்புக்கு வருவது அதற்கே கூச்சமாக இருக்கும். அதனால் என் கருத்தில் பிரியாவிடையைக் கடைசி வினாத்தாள் முடிந்த பிறகே வைக்க வேண்டும். பரீட்சை நிலையம் வேறு பாடசாலையில் இருந்தால் அடுத்த நாளோ அந்தச் சனிக்கிழமையோ வைக்கலாம். அதுவரை வருகைப் பதிவு எடுத்து, வகுப்பாசிரியர் தொடர்பில் இருந்து, ஜனவரியில் வகுப்பு உண்டு என்று வீட்டுக்குக் கடிதம் போக வேண்டும்.

பெற்றோர் ஏன் வருவதில்லை: ஒரு பேரின் கணக்கு

மேடையில் அதிதிகள் அடிக்கடி சொல்லும் ஒரு குறை உண்டு, தோட்டத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இல்லை, பாருங்கள் கதிரை காலி என்று. கணக்கைப் போட்டால் விசயம் வேறு.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்பார்கள். பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். தோட்டம் குறித்த கிலோவுக்குக் குறைவாகக் கொழுந்து எடுத்தால் அரைப் பேர். 2024 செப்டம்பரில் நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, அரசின் பங்காக நாளுக்கு 200 ரூபாய் வருகை ஊக்கத்தொகை சேர்ப்பதாக அறிவித்தார்கள், கூட்டினால் 1,750.

இப்போது அந்த மூன்று கடிதங்களுக்கு வருவோம்.

1. மூன்று விழாவுக்கும் மூன்று வேலை நாள் போனால் அம்மாவுக்கு இழப்பு 1,350 கணக்கில் 4,050 ரூபாய், 1,750 கணக்கில் 5,250 ரூபாய். இரண்டு பிள்ளைகள் இரண்டு பாடசாலையில் படித்தால் இன்னும் கூடும்.

2. இது எந்த மாதத்தில் என்பதும் உண்டு. தீபாவளிக்குத் தோட்டத்தில் முற்பணம் வாங்கியிருப்பார்கள், அது பிறகு வரும் சம்பளங்களில் மாதம் மாதமாக வெட்டுப்படும். நவம்பர், டிசம்பர் சம்பளச் சீட்டில் கைக்கு வருவது ஏற்கெனவே மெலிந்திருக்கும். ஜனவரிக்குக் கொப்பி, சப்பாத்து, பை எல்லாம் வாங்க வேண்டும்.

3. சம்பளம் வருவது அடுத்த மாதம் 10ஆம் திகதி அளவில். 5ஆம் திகதி வைக்கும் விழாவுக்குக் கேட்கும் காசும் 12ஆம் திகதி வைக்கும் விழாவுக்குக் கேட்கும் காசும் ஒரே தொகையாக இருந்தாலும் வீட்டில் ஒரே பாரம் கிடையாது. முதலாவதுக்கு வட்டிக்கு வாங்க வேண்டி வரலாம்.

பரிசளிப்பு நாளில் மண்டபத்தின் பின்வாசலைக் கொஞ்ச நேரம் கவனித்தால் இந்தக் கணக்கு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். பகல் நிறுவை முடிந்ததும் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து ஒரு அம்மா நேரே வருகிறார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக் கழற்றிச் சுருட்டி வாசல் தூணுக்குப் பின்னால் வைக்கிறார். ரப்பர் செருப்பில் ஒட்டிய மண்ணைப் புல்லில் தேய்க்கிறார். விரல் நுனிகள் கொழுந்துக் கறையில் கறுத்திருக்கின்றன, சேலைத் தலைப்பில் துடைத்தாலும் போகாது. உள்ளே முன்வரிசை காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர் அங்கே போக மாட்டார், கதவருகே நின்றபடியே மகளின் பெயர் வரும் வரை காத்திருப்பார், வந்ததும் இரண்டு கை தட்டிவிட்டு மாலை நிறுவைக்கு மலை ஏறிவிடுவார். அரைப் பேரைத் தியாகம் செய்துவிட்டு வந்தவர் அவர். பிரதம அதிதி பதினொரு மணிக்கு வந்து, வரவேற்புரையும் தலைமையுரையும் வாழ்த்துரைகளும் முடிந்து பரிசு தொடங்க இரண்டு மணி ஆகிவிட்டால், அந்த இரண்டு கைதட்டலும் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகிறது.

ஞாயிறில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். ஞாயிறு பெரும்பாலும் கொழுந்து வேலை இல்லாத நாள், உண்மை. ஆனால் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பூசை, மற்றவர்களுக்கு அறநெறி வகுப்பு, கிழமைச் சாமான் வாங்கச் சந்தை எல்லாம் அன்றுதான். தூரத்திலிருந்து வந்து தங்கிப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் வெள்ளி மாலையே ஊருக்குப் போய்விடுவார்கள். டிசம்பரில் சிவனொளிபாதமலைப் பருவமும் தொடங்கிவிடுவதால் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தில் வார இறுதி பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. இத்தனை இருந்தும் வேலை நாளோடு ஒப்பிட்டால் ஞாயிறே மேல் என்று நினைக்கிறேன், ஆண்டுக்கு ஒரே ஒரு ஞாயிறு என்றால் ஆசிரியர்களும் விட்டுக்கொடுப்பார்கள்.

காசு விசயம்

இலவசக் கல்வி என்றால் விழாவுக்கு ஏன் காசு என்பது நியாயமான கேள்வி. அரசு தருவது ஆசிரியர் சம்பளம், பாடநூல், சீருடைத் துணி போன்றவை. மேடைச் சோடனைக்கோ வெற்றிக் கிண்ணத்துக்கோ தேநீருக்கோ தனி ஒதுக்கீடு வருவதில்லை. ஆகவே அபிவிருத்திச் சங்க நிதி, பழைய மாணவர், கடைக்காரர், தோட்ட நிர்வாகம் என்று கேட்டுச் சேர்க்கிறார்கள், மீதி பெற்றோரிடம் வருகிறது.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. பாடசாலையின் பெயரில் வாங்கும் பணத்துக்கு ரசீது கேட்கலாம், கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. வரவு செலவைச் சங்கக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்ல உறுப்பினர் எவருக்கும் உரிமை உண்டு. காசு கொடுக்காத பிள்ளையை விழாவிலிருந்து ஒதுக்குவதோ தேர்ச்சி அறிக்கையைப் பிடித்து வைப்பதோ சரியே கிடையாது, அப்படி நடந்தால் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதலாம். நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குரன்கெத்த என ஐந்து வலயங்கள் உண்டு. கடிதத்தைத் தங்கள் பாடசாலை எந்த வலயத்துக்கு உட்பட்டதோ அங்கே அனுப்ப வேண்டும்.

அப்புறம் நடன உடுப்பு. கட்டணத்தை விடப் பல வீடுகளை நெருக்குவது இதுதான். ஒரு பாட்டுக்கு ஐந்து நிமிடம் ஆட வாடகைக்கு உடுப்பு, பூ, நகை, மேக்கப். அதே உடுப்பைப் பாடசாலையே ஒருமுறை தைத்து அலுமாரியில் வைத்தால் பல வருடங்களுக்குப் பயன்படும்.

மழையும் தப்பு மேளமும்

ஒக்டோபர், நவம்பரில் மலைநாட்டில் பின்னேரத்து இடிமழை வழக்கம். டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் பதுளை, பண்டாரவளை, வலப்பனை போன்ற கிழக்குச் சரிவுகளுக்குத்தான் கனத்த மழை. மேற்குப் பக்கத்து ஹட்டன், தலவாக்கலை ஜனவரிக்குப் பிறகு காயத் தொடங்கும். ஒரே திகதி இரு பக்கத்துக்கும் பொருந்தாது என்பதற்கு இது ஒரு எளிய காரணம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை நிலவும்போது விழாவை ஒத்திவைப்பதில் யோசிக்கவே கூடாது, பிள்ளைகள் நடந்து வருவது அந்தச் சரிவுகளின் ஓரமாகத்தான்.

விழாவுக்கு ஊர் என்ன கொடுக்கிறது என்பதையும் பார்க்கலாம். அதிதியை வரவேற்கத் தப்பு மேளம் அடிக்க வரும் அப்பாமார் மழை நாளில் அதிகாலையிலேயே வந்துவிடுவார்கள். ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும், தட்டினால் சத்தம் தொய்வாக வரும். சமையல் கொட்டிலுக்குப் பின்னால் காய்ந்த தேயிலைக் குச்சிகளான மிலாறைக் கொளுத்தி, தப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி காட்டி, சரியான சத்தம் வந்ததும்தான் தோளில் மாட்டுவார்கள். சுற்றி நின்று பார்க்கும் பையன்களுக்கு அது ஒரு பாடம், எந்தப் பாடநூலிலும் அந்தச் சூட்டின் அளவு இல்லை. மலையகக் கூத்துகளான காமன் கூத்திலும் பொன்னர் சங்கரிலும் ஆடிய பெரியவர்கள் ஊரில் இருக்கும்போது மேடையில் சினிமாப் பாட்டு மட்டும் போவது எனக்கு வருத்தம் தருகிறது. வரவேற்புக்கு மட்டும் அழைத்து, பிறகு வெளியில் நிற்க வைத்துவிட்டு, உள்ளே விழா நடக்கிறது. அரை மணி நேரம் மேடையைக் கொடுத்தால் அந்தக் குடும்பங்கள் முழுதாக மண்டபத்துக்குள் வரும்.

பழைய மாணவர் எப்போது ஊரில் இருப்பார்கள்?

பழைய மாணவர் ஒன்றுகூடலை டிசம்பரில் வைப்பது நகரத்துக் கல்லூரிகளைப் பார்த்து வந்த வழக்கம். கொழும்புக் கடைகளில் நிற்கும் நம் ஆட்களுக்கு டிசம்பரில் லீவு கிடைக்காது, அது அவர்களுக்கு உச்ச வியாபார மாதம். அவர்கள் ஊருக்கு வருவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சித்திரைக்கும் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும். கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குவதால் பொங்கலை ஒட்டி ஒன்றுகூடல் வைத்தால் இன்னொரு நன்மை உண்டு: சாதாரண தரம் பெப்ரவரியில் வரும் ஆண்டென்றால், அதை எழுதப் போகும் பிள்ளைகள் அப்போது இன்னும் மீட்டல் வகுப்பில் இருப்பார்கள். முன்பு இதே வாங்கில் உட்கார்ந்து இன்று தாதியாகவோ ஆசிரியராகவோ தொழில்நுட்பக் கல்லூரி மாணவராகவோ இருப்பவர் அந்த வகுப்பில் ஒரு மணி நேரம் பேசினால் வெற்றிக் கிண்ணம் வாங்கித் தருவதைவிடப் பெரிய உதவி.

திகதி குறிக்கும் கூட்டத்தில் கேட்கக்கூடியவை

அபிவிருத்திச் சங்கக் கூட்டம் பெரும்பாலும் ஆண்டின் தொடக்கத்திலேயே நடக்கும். அப்போதே இவற்றை எழுப்பலாம்.

1. தேர்ச்சி அறிக்கை, பாடநூல், பரிசளிப்பு, பெற்றோர் கூட்டம் நான்கையும் ஒரே நாளில் வைக்க முடியாதா? சம்பளத்துக்குப் பின் வரும் முதல் ஞாயிறு?

2. உயர்தரப் பரீட்சை நவம்பரில் என்றால், அதற்காக மூடும் முன்னரே, ஒக்டோபர் கடைசியில், பரிசளிப்பை முடித்துவிட முடியாதா? பரிசுகள் முந்திய ஆண்டின் புள்ளிகளுக்கு என்றால் மூன்றாம் தவணைக்காகக் காத்திருக்கத் தேவை இல்லை.

3. பரிசு முதலில், பேச்சு பிறகு என்று நிகழ்ச்சி நிரலை மாற்ற முடியாதா? அதிதி தாமதமானால் அதிபரே கொடுக்கத் தொடங்கலாம்.

4. பதினோராம் வகுப்பின் பிரியாவிடை கடைசி வினாத்தாளுக்குப் பிறகுதானா?

5. பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் நற்சான்றிதழையும் யார், எந்த நாளில் தருவார்கள்? இவை இரண்டும் இல்லாமல் வேறு பாடசாலையில் உயர்தரத்துக்குச் சேர்வதோ தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிப்பதோ சிக்கல். பெறுபேறு வரும்போது பிள்ளை கொழும்பில் இருந்தால், அவற்றை எடுக்க அம்மா இன்னொரு பேரை விட்டுவிட்டு வர வேண்டும். பிரியாவிடை நாளிலேயே கையில் கொடுத்துவிட்டால் அந்த ஒரு பேர் மிஞ்சும்.